ஒரு முட்டைக்கு 12 கிராம்

முட்டைப் பொடியைத் தண்ணீரில் கொட்டினால் மிதக்கும். ஸ்பூனால் கிண்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும். ஓர் உருண்டையை விரலால் நசுக்கிப் பார்த்தால் உள்ளே பொடி நனையாமல் அப்படியே இருக்கும். அந்தக் கலவையை அப்படியே கல்லில் ஊற்றி, பல்லில் மணல்போல் கடிபடும் ஆம்லெட்டைத் தின்றுவிட்டு, பாக்கெட்டை அலமாரியின் கடைசித் தட்டுக்குத் தள்ளிவிட்டவர்கள் நிறைய. பொடியைக் குறை சொல்லிப் பயனில்லை. முழு முட்டைப் பொடியில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு கொழுப்பு. கொழுப்பு ஒட்டிய துகளுக்குள் தண்ணீர் சட்டென்று இறங்காது. சத்துமாவுக் கஞ்சிக்கு முதலில் கொஞ்சம் தண்ணீரில் மாவைக் குழைத்துக்கொள்வோமே, அதே வேலைதான் இங்கேயும்.

நாமக்கல் முட்டை தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். தினம் நாலு முட்டை வாங்கி அன்றே சமைக்கிற வீட்டுக்கு இது வேண்டாம். விலையும் கட்டாது. பாக்கெட் விலையை அதன் கிராமால் வகுத்து 12-ஆல் பெருக்கினால் ஒரு முட்டைக்கு என்ன விழுகிறது என்று தெரிந்துவிடும். சில்லறைப் பாக்கெட்டில் அது கடை முட்டையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத அறையில் தங்கிச் சமைப்பவர்கள், மலையேற்றம் போகிறவர்கள், டிசம்பர் மழைக்கு முன் நாலு நாள் சாமான் சேர்த்து வைக்கிறவர்கள், வீட்டில் கேக் போட்டு விற்கிறவர்கள் ஆகியோருக்குத்தான் இது உதவும். உடையாது, கசியாது, எடை குறைவு. ஒரு கிலோ பொடி என்பது கிட்டத்தட்ட 83 முட்டை. அட்டை அட்டையாக அடுக்க வேண்டியது ஒரு டப்பாவுக்குள் அடங்கிவிடும்.

ஈரோடு மாவட்டத்தில் எஸ்.கே.எம். நிறுவனத்தின் ஆலை பல ஆண்டுகளாக முட்டையை உடைத்துப் பொடியாக்கி ஜப்பான், ஐரோப்பா என்று அனுப்பிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழிலில் பொடி பெரும்பாலும் மயோனைஸ், கேக் மிக்ஸ், நூடுல்ஸ் செய்கிற கம்பெனிகளுக்குத்தான் போகிறது. கொங்கு மண்டலத்துக் கோழிப்பண்ணைக்காரருக்கு நன்றாகத் தெரிந்த பொருள், பக்கத்துத் தெருச் சமையலறைக்குப் புதிதாக இருக்கிறது.

ஆலையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், வீட்டில் ஏன் இப்படிச் செய் அப்படிச் செய்யாதே என்று சொல்கிறோம் என்பது விளங்கும். முட்டையை உடைத்து, அடித்து, வடிகட்டுகிறார்கள். முட்டையில் இயல்பாகவே கொஞ்சம் குளுக்கோஸ் உண்டு. அதை விட்டுவைத்தால் பொடியில் உள்ள புரதத்தோடு சேர்ந்து நாளடைவில் பழுப்பு நிறமும் அடிபிடித்த மாதிரி வாடையும் வரும். அதனால் நொதியாலோ ஈஸ்ட்டாலோ அந்தக் குளுக்கோஸை முன்கூட்டியே தீர்த்துவிடுவார்கள். வெள்ளைக்கருப் பொடிக்கு இது கட்டாயம் நடக்கும். முழு முட்டைப் பொடியில் எல்லாரும் செய்வதில்லை. பிறகு பாஸ்ச்சரைசேஷன், அதாவது கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்குவது. அமெரிக்காவின் பழைய விதிப்படி முழு முட்டைக் கலவைக்கு 60 டிகிரி செல்சியஸில் மூன்றரை நிமிடம். கடைசியாக அந்தக் கலவையைச் சூடான காற்று சுழலும் கோபுரத்துக்குள் பனிச்சாரல்போல் பீய்ச்சுகிறார்கள். துளி கீழே விழுவதற்குள் பொடியாகிவிடும். முக்கால் பங்கு தண்ணீராக இருந்த பொருளில் மிஞ்சுவது 5 சதவீதத்துக்கும் குறைவான ஈரம். அந்த 5 சதவீதத்தைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி நம் வேலை.

வாங்கும்போது

கடையிலும் ஆன்லைனிலும் 'முட்டைப் பொடி' என்ற பெயரில் நான்கு வெவ்வேறு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிட்டுத் திட்டுவது வாடிக்கை.

முழு முட்டைப் பொடியில் சேர்மானப் பட்டியலில் முட்டை மட்டுமே இருக்க வேண்டும். கட்டி சேராமலிருக்க ஏதாவது துளி சேர்த்திருந்தால் பரவாயில்லை. பால்பவுடர், எண்ணெய், உப்பு கலந்திருந்தால் அது ஆம்லெட் மிக்ஸ். அதைக் கேக்குக்குப் போட்டால் அளவெல்லாம் கெட்டுவிடும். வெள்ளைக்கருப் பொடி தனி. அதிலும் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கென்று சாக்லேட் வாசனை, இனிப்பு எல்லாம் சேர்த்து விற்பது வேறு; அதில் பொடிமாஸ் செய்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நான்காவது, முட்டையே இல்லாத 'எக் ரீப்ளேசர்'. ஸ்டார்ச்சும் சோயாவும் பேக்கிங் பவுடரும் கலந்த அது, சைவக் கேக்குக்கானது. பாக்கெட்டின் ஓரத்துக் குறியைப் பார்த்தாலே குழப்பம் தீரும். நிஜ முட்டை என்றால் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்கும். பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை.

முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்குப் பொடியும் முட்டைதான். காயவைத்ததால் எதுவும் குறைந்துவிடாது.

தயாரித்த தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால், அதுவும் வெயிலில் கிடக்கிற கூரியர் கிடங்குகளைத் தாண்டி வருகிறதென்றால், விட்டுவிடலாம். பெரிய பை மலிவு என்று ஒரு கிலோ வாங்காதீர்கள். நான்கு பேர் வீட்டுக்கு முதல்முறை 200 கிராமே தாராளம்.

அளவு

நம் ஊர் முட்டை ஓட்டோடு 50 முதல் 55 கிராம். ஓடு போனால் 45 முதல் 48. அதில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் உலர்பொருள். ஆக ஒரு முட்டை என்பது 12 கிராம் பொடி, 36 மில்லி தண்ணீர். எடைக்கணக்கில் ஒன்றுக்கு மூன்று. இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

தராசு இல்லாவிட்டால் 15 மில்லி டேபிள் ஸ்பூனில் தலைதட்டி இரண்டு ஸ்பூன் பொடி; அதே ஸ்பூனில் இரண்டு ஸ்பூன் தண்ணீரும் ஒரு டீஸ்பூன் தண்ணீரும். தலைதட்டி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குவித்து எடுத்தால் ஒரே ஸ்பூனில் 10 கிராம் வரை ஏறிவிடும். பொடியை அமுக்கியும் எடுக்கக் கூடாது. முதலில் டப்பாவுக்குள்ளேயே ஸ்பூனால் கிளறித் தளர்த்திவிட்டு எடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டனில் ரேஷனில் கொடுத்த உலர் முட்டை டின்னில் 5 அவுன்ஸ் பொடி இருந்தது, 12 முட்டைக்குச் சமம் என்ற கணக்கில். வகுத்துப் பாருங்கள், முட்டைக்கு 12 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. அங்கே அரசாங்கம் சொன்ன அளவு தலைதட்டிய ஒரு டேபிள் ஸ்பூன் பொடிக்கு இரண்டு டேபிள் ஸ்பூன் தண்ணீர். பழைய ஆங்கிலச் சமையல் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் தண்ணீர் கூடிப்போகும்.

வெள்ளைக்கருப் பொடிக்குக் கணக்கே வேறு. வெள்ளைக்கருவில் 88 சதவீதம் தண்ணீர் என்பதால் ஒன்றுக்கு ஏழு. ஒரு வெள்ளைக்கருவுக்கு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவான பொடி, 26 மில்லி தண்ணீர். மஞ்சள்கருப் பொடிக்குக் கிட்டத்தட்ட சம அளவு தண்ணீர் போதும்.

கரைப்பது

நான்கு முட்டைக்கு 48 கிராம் பொடியை ஓர் அகலப் பாத்திரத்தில் சலித்துக்கொள்ளுங்கள். டீ வடிகட்டியே போதும். மொத்தத் தண்ணீர் 144 மில்லியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஊற்றி, ஸ்பூனின் பின்பக்கத்தால் பாத்திரத்தின் சுவரோடு தேய்த்துக் குழைக்க வேண்டும். பற்பசை பதத்துக்கு, கட்டியில்லாமல் வரும். அந்த நிலையில்தான் கட்டியை உடைக்க முடியும். நீர்த்துப்போன பிறகு கட்டிகள் ஸ்பூனுக்குப் பிடிபடாமல் நழுவும். பிறகு மீதித் தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றி விஸ்க்கால் கலக்கி, 10 நிமிடம் சும்மா விட்டுவிடுங்கள். துகள்கள் உள்வரை ஊற இந்த நேரம் தேவை. ஊறியபின் கலவை கொஞ்சம் கெட்டிப்பட்டு, நிறமும் வெளிர் மஞ்சளிலிருந்து ஒரு படி ஆழமாகும். கடைசியில் ஒருமுறை வடிகட்டுங்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் கூடாது. சீக்கிரம் கரையும் என்று கொதிநீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. 60 டிகிரியைத் தாண்டினால் வெள்ளைக்கருப் புரதம் வேகத் தொடங்கிவிடும். துகளின் மேல்தோல் வெந்து மூடிக்கொண்டால் அதற்குள் தண்ணீர் போக வழியே இல்லை. அந்தக் கட்டி கடைசிவரை கட்டிதான். ஃப்ரிட்ஜ் தண்ணீரும் சரிப்படாது, கொழுப்பு இறுகி ஊறத் தாமதமாகும்.

மூடி போட்ட பாட்டிலில் போட்டுக் குலுக்குவது ஒன்றிரண்டு முட்டைக்குச் சரி. நுரை கட்டும், அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மிக்ஸியில் அடிக்கவே வேண்டாம். நுரை நிறைந்த கலவையில் போட்ட ஆம்லெட் உப்பி வந்து, தட்டில் விழுந்ததும் ஓட்டை ஓட்டையாகச் சப்பிப்போகும்.

வைப்பது

வெப்பம், காற்று, ஈரம் மூன்றும் இந்தப் பொடிக்கு ஆகாது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஆண்டு முழுக்க மூன்றும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. குளிர்நாட்டுக் குறிப்புகளில் வரும் 'அறை வெப்பத்தில் வைக்கவும்' என்ற வரி, மே மாதத்து மதுரைக்காக எழுதப்பட்டதல்ல.

பிரிக்காத பாக்கெட் என்றால், ஆலையில் நைட்ரஜன் நிரப்பி அடைத்ததாக இருந்தால், அதைப் பிரித்து 'நல்ல டப்பாவில்' மாற்றி வைக்கிற வேலையே வேண்டாம். உள்ளே இல்லாத ஆக்சிஜனை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று அர்த்தம். சமையல் மேடைக்கு மேலுள்ள பரண், கேஸ் அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, ஃப்ரிட்ஜின் தலை, மேற்குச் சுவரை ஒட்டிய இடம் எல்லாம் வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தொடும். படுக்கையறை அலமாரியின் அடித்தட்டு இவற்றைவிட நல்லது. முழு முட்டைப் பொடிக்கு ஓர் ஆண்டு என்று லேபிளில் போட்டிருந்தால், நம் வெயிலில் எட்டு மாதம் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வெள்ளைக்கருப் பொடியில் கொழுப்பு இல்லாததால் அது காறாது. நீண்ட நாள் நிற்கும்.

பிரித்தபிறகு ஃப்ரிட்ஜ்தான். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால், வெளியிலிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த பொடியின் மேலும் டப்பாச் சுவரிலும் பட்டு நீராக இறங்கும். ஐஸ் தண்ணீர்ச் சொம்பு வேர்க்கிற அதே கதை. பத்துமுறை இப்படித் திறந்து மூடினால், மேல்பரப்பு பொருக்குத் தட்டி, பிறகு மொத்தமும் பாறையாகும். வழி சுலபம். பாக்கெட்டைப் பிரித்த அன்றே ஐந்து முட்டை, ஐந்து முட்டை என்று 60 கிராமாகச் சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில், கழுத்துவரை நிரப்பி, இறுக்கி மூடி வையுங்கள். ஒன்று தீர்ந்தபிறகு அடுத்தது. எடுத்ததும் அரைமணி நேரம் மேடைமேல் வைத்திருந்து, வெளிச்சுவர் வேர்த்துக் காய்ந்தபின் திறக்க வேண்டும். ஸ்பூன் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே டப்பாவைச் சாய்த்துக் கொட்டாதீர்கள். ஆவி உள்ளே போகும். எவர்சில்வர் டப்பாவின் மூடி பருப்புக்குப் போதும், இதற்குப் போதாது. இந்த முறையில் பிரித்த முழு முட்டைப் பொடி ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் நல்ல நிலையில் இருக்கும்.

அதிகம் வாங்கிவிட்டவர்கள் அலுமினியம் பூசிய பைகளில் 120 கிராம் வீதம் போட்டு, காற்றைப் பிதுக்கி, ஆக்சிஜன் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் போட்டு, ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டலாம். அரை லிட்டர் பைக்கு 100 சிசி அளவுப் பொட்டலம் சரியாக இருக்கும். அதோடு சிலிக்கா ஜெல்லையும் சேர்த்துப் போடுவது வீண். இரும்புத்தூள் உள்ள அந்த ஆக்சிஜன் பொட்டலம் வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும். ஜெல் அதைப் பிடுங்கிக்கொள்ளும். ஒட்டிய பைகளை ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லது.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மூக்கு. நல்ல பொடி லேசாகப் பால்பவுடரும் அவித்த மஞ்சள்கருவும் கலந்த மாதிரி மணக்கும். காறிய எண்ணெய், பழைய அட்டைப்பெட்டி, பெயின்ட் மாதிரி வாடை வந்தால் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுவிட்டது. நிறம் மஞ்சளிலிருந்து காவிக்கோ பழுப்புக்கோ திரும்பியிருந்தால் வெப்பம் பட்டிருக்கிறது. இரண்டும் இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் ஒரு ஸ்பூனை முறைப்படி கரைத்து 15 நிமிடம் கண்ணாடி டம்ளரில் விடுங்கள். அடியில் ரவைபோல் படிந்து, மேலே தெளிந்த நீர் பிரிந்தால் புரதம் செத்துவிட்டது. விரலால் நசுக்கினால் உடைகிற கட்டி சாதாரணம், சலித்தால் போதும். கல்லாகிப்போன கட்டியை இடித்துப் பயன்படுத்தாதீர்கள், அது ஈரம் குடித்திருக்கிறது.

பொடியில் பாக்டீரியா வளராது. ஆனால் சாகவும் சாகாது. சால்மோனெல்லா உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். 1940-களில் பிரிட்டனுக்கு வந்த உலர் முட்டையோடு அதுவரை அங்கே அதிகம் தெரியாத சால்மோனெல்லா வகைகளும் வந்து இறங்கின. பாஸ்ச்சரைசேஷன் கட்டாயமாக்கப்படாத காலம் அது. இன்றைய பொடி அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்றாலும், தண்ணீர் சேர்த்த நொடியிலிருந்து அதைப் பச்சை முட்டையாகவே நடத்த வேண்டும். கரைத்த கலவை 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அன்றைக்கே தீர்க்க வேண்டும். சமைக்கும்போது நடுப்பகுதி 71 டிகிரி தொட வேண்டும். வழவழப்பு போய் முழுதாக உறைந்துவிட்டால் அந்தச் சூட்டை எட்டியிருக்கும். பச்சையாக மயோனைஸ் அடிப்பது, பாலில் கலக்கிக் குடிப்பது எல்லாம் வேண்டாம்.

சமைப்பது

அவித்த முட்டை, ஆஃப்பாயில், கலக்கி மூன்றும் இந்தப் பொடியில் கிடையாது. முதல் இரண்டுக்கும் மஞ்சளும் வெள்ளையும் பிரிந்திருக்க வேண்டும், மூன்றாவது அரைவேக்காடு. இவற்றை விட்டால் மற்றதெல்லாம் வரும்.

மிகப் பொருத்தமானது பொடிமாஸ். 48 கிராம் பொடிக்கு 144-க்குப் பதில் 120 மில்லி தண்ணீர் மட்டும் விடுங்கள். வெங்காயம் தன் பங்குக்கு நீர் விடும். சட்டியில் இரண்டு டேபிள் ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய 100 கிராம் சின்ன வெங்காயம். வெங்காயத்தைச் சுருளச் சுருள வதக்கி, சட்டியில் ஈரச் சத்தம் அடங்கியபின் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள். உப்பை இங்கேயே போட்டுவிடலாம். தீயைக் குறைத்துவிட்டுக் கலவையை ஊற்றி, 20 விநாடி கை வைக்காமல் விடுங்கள். அடி உறைந்ததும் தோசைத் திருப்பியால் அகலமாகப் புரட்டிப் புரட்டி விட வேண்டும். பச்சை முட்டைபோல் வேகமாகக் கிண்டினால் பெருங்காயத்தூள் மாதிரி உதிர்ந்துவிடும். முக்கால் பங்கு உறைந்து இன்னும் பளபளப்பு இருக்கும்போது அடுப்பை அணைத்து, அரை டீஸ்பூன் மிளகுத்தூள் தூவி மூடுங்கள். சட்டிச் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். இரண்டு நிமிடம் கழித்துத் திறக்கும்போது பளபளப்பு முழுக்கப் போயிருக்க வேண்டும். கூடுதலாக வெந்தால் புரதம் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். சட்டியின் ஓரத்தில் மஞ்சள் நீர் தேங்கி, முட்டை ரப்பராகும். முட்டைப் பொடி ரப்பர்போல் இருக்கிறது என்ற அவப்பெயருக்குக் காரணம் பெரும்பாலும் தீதான். மிளகும் நல்லெண்ணெயும் கறிவேப்பிலையும் பொடியின் லேசான உலர்ந்த வாடையை மறைத்துவிடும். வெறும் உப்பும் வெண்ணெயும் மட்டும் போட்டுச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அந்த வாடை உறுத்தும்.

முட்டைத் தோசைக்கு இன்னும் கெட்டியாக, ஒன்றுக்கு இரண்டேகால் என்ற விகிதம். நிஜ முட்டை தோசைமேல் தன் வழவழப்பால் நிற்கும். பொடிக்கலவை மூன்று விகிதத்தில் இருந்தால் ஓடிக் கல்லில் வழிந்து கருகும். ஒரு தோசைக்கு மூன்று டேபிள் ஸ்பூன். ஊற்றியதும் மூடி போட வேண்டும்.

குழம்புக்கு ஒரு வழி இருக்கிறது. 72 கிராம் பொடி, 190 மில்லி தண்ணீர், உப்பு, மிளகு. ஊறிய கலவையை வடிகட்டி எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, மேலே நிற்கும் குமிழ்களை ஸ்பூனால் உடைத்துவிட்டு, இட்லிப் பானையில் மிதமான ஆவியில் 12 முதல் 15 நிமிடம். ஆறியபின் துண்டு போட்டுப் பூண்டுக் குழம்பிலோ தேங்காய் அரைத்த குழம்பிலோ கடைசி ஐந்து நிமிடத்தில் போடலாம். அவித்த முட்டைக் குழம்பைவிட இதில் குழம்பு உள்ளே இறங்கும், அது ஒரு லாபம். ஆவி அதிகமானால் துண்டு தேன்கூடாகும். வெகுநேரம் சூட்டிலேயே வைத்திருந்தால் பச்சை கலந்த சாம்பல் நிறம் வரும். மஞ்சள்கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்த நிறம், கெட்டதல்ல, பார்க்கத்தான் நன்றாயிருக்காது.

மாவு வேலைகளில் கரைக்கிற சிரமமே இல்லை. பரோட்டாவுக்கு அரைக்கிலோ மைதாவோடு 12 கிராம் பொடியை உலர்ந்தபடியே சலித்துக் கலந்துவிட்டு, பிசையும் தண்ணீரில் 36 மில்லி கூட்டினால் போதும். கட்லெட் தோய்க்க ஒன்றுக்கு நான்கு என்று நீர்க்கக் கரைத்தால் ரொட்டித்தூள் மெல்லியதாக ஒட்டும்.

வெண்ணெய் கேக்கும் அப்படியே. மைதா 180 கிராம், முட்டைப் பொடி 36 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன் மூன்றையும் இரண்டுமுறை சலியுங்கள். 120 கிராம் வெண்ணெயும் 150 கிராம் பொடித்த சர்க்கரையும் வெளுக்கும்வரை அடித்து, மாவுக் கலவையையும் 110 மில்லி தண்ணீர், 60 மில்லி பால், ஒரு டீஸ்பூன் வெனிலா கலந்த நீரையும் மாறி மாறிச் சேர்க்க வேண்டும். 7 அங்குலத் தட்டு, 170 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். மாவை ஊற்றியதும் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு ஓவனில் வைத்தால் பொடி ஊறிவிடும். முட்டை நுரையை மட்டுமே நம்பி எழுகிற ஸ்பாஞ்ச் கேக்கை முழு முட்டைப் பொடியில் முயலாதீர்கள். உலர்த்தும்போது மஞ்சள்கருவின் கொழுப்பு எல்லாத் துகளிலும் பரவிவிடுகிறது. கொழுப்பு இருக்கும் இடத்தில் நுரை நிற்காது.

நுரை வேண்டுமென்றால் வெள்ளைக்கருப் பொடி. தூத்துக்குடி மக்ரூன் செய்யப் பழகுகிறவர்களுக்கு இது நிஜ முட்டையைவிட வசதி என்பது எங்கள் துணிபு. முதல் காரணம், மஞ்சள்கரு மிஞ்சாது. இரண்டாவது, தண்ணீரைக் குறைத்து நுரையை நம் விருப்பத்துக்குக் கெட்டியாக்கலாம். நான்கு வெள்ளைக்கருவுக்கு ஈடாக 15 கிராம் பொடி, 105 மில்லிக்குப் பதில் 90 மில்லி தண்ணீர். 20 நிமிடம் ஊறி, வடிகட்டி, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத ஸ்டீல் பாத்திரத்தில் அடிக்க வேண்டும். பொடி வாங்கும்போதே 'ஹை விப்' வகையா என்று பாருங்கள். 'ஹை ஜெல்' என்று போட்டிருந்தால் அது நூடுல்ஸ், மீன் உருண்டை மாதிரிப் பொருள்கள் இறுகுவதற்கானது, நுரை கட்டச் சுணங்கும். மென்நுரை வந்ததும் பொடித்த சர்க்கரை 220 கிராமை ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூனாகச் சேர்த்து, விஸ்க்கைத் தூக்கினால் கூர் வளையாமல் நிற்கும்வரை அடியுங்கள். 200 கிராம் முந்திரியைக் காயவைத்து, விட்டு விட்டு அரைத்து, எண்ணெய் கசியுமுன் நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் கசிந்த முந்திரி கண்ணெதிரே நுரையை இறக்கிவிடும். அதை மூன்று தவணையாக, அகப்பையால் அடியிலிருந்து மேலாக மடித்துச் சேர்த்து, கூம்பாகப் பிழிந்து, 110 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். அணைத்தபின் ஓவனுக்குள்ளேயே ஆறட்டும். வெளியே எடுத்தால் கடற்கரைக் காற்றில் பத்து நிமிடத்தில் பிசுபிசுக்கும், உடனே டப்பாவுக்குள் போக வேண்டும்.

வீட்டிலேயே பொடி செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். வடகம் காய்கிற மொட்டைமாடி வெயிலில் முட்டைக் கலவையை ஊற்றி வைப்பது கிருமிக்குப் பந்தி வைப்பது. மின்சார உலர்த்தி 70 டிகிரி காட்டினாலும், ஈரம் ஆவியாகும்வரை முட்டை அதைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். காய்ந்து சூடேறுகிற நேரத்தில், உலர்ந்துபோன சால்மோனெல்லா அந்தச் சூட்டைத் தாங்கப் பழகிவிட்டிருக்கும். முதலில் வேகவைத்துக் காயவைத்தால் அபாயம் குறையும், ஆனால் அது பொடியல்ல, ஊறவே ஊறாத ரவை. பல லட்சம் கொடுத்து உறைநிலை உலர்த்தி வாங்கினாலும் குளிர் கிருமியைக் கொல்வதில்லை; பச்சையாகப் போனது பச்சையாகவே வெளியே வரும்.

மழைக்காலப் பெட்டிக்கு என்று வைப்பவர்கள் பொடியோடு தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெள்ளம் வந்த தெருவில் குழாய்த் தண்ணீரில் இதைக் கரைப்பது, ஆலை செய்த பாஸ்ச்சரைசேஷனையே வீணாக்குவது. 2015 டிசம்பர் போல நாலு நாள் கரண்ட் இல்லாமல் போனால் ஃப்ரிட்ஜும் கிடையாது, பெரிய டப்பாவைப் பிரித்தால் மீதியைக் காப்பாற்ற வழியில்லை. அதனால் இந்தப் பெட்டிக்கு மட்டும் இரண்டு முட்டை அளவாக, 24 கிராம் வீதம் ஒட்டிய சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் '72 மில்லி' என்று மார்க்கரால் எழுதி, 72 மில்லிக்குக் கோடு போட்ட ஒரு பழைய மருந்து பாட்டிலையும் உள்ளே போட்டுவிடுங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் யாரும் ஸ்பூன் தலைதட்ட மாட்டார்கள்.